காரைக்குடிப் பக்கம் தனியாகக் குடியேறுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வேலைக்கோ மேல்படிப்புக்கோ முதன்முறையாக வீட்டை விட்டுக் கிளம்பி, காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் வந்து தனியாக இருக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு வீடு பார்த்துக் கொடுக்கிற வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. அதில் பார்த்தவரை, எல்லாரும் இடறுகிற இடம் ஏறக்குறைய ஒன்றுதான். வந்து இறங்கிய வாரத்திலேயே வீட்டைப் பிடித்துவிடுகிறார்கள். தண்ணீர் எப்போது வரும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அந்த வீட்டுக்கு உண்மையில் யார் யார் சொந்தக்காரர்கள் என்பதெல்லாம் முன்பணம் கொடுத்த பிறகுதான் தெரியவருகிறது.

அதனால் இந்த வழிகாட்டியில் வீடு நான்காவதாகத்தான் வரும். அவசரமாக இருந்தாலும் வரிசையை மாற்றாதீர்கள்.

## 1. கிளம்பும் முன் முடிக்க வேண்டியவை

முதலில் காகிதங்கள். ஆதார், பணி நியமன ஆணை அல்லது சேர்க்கைக் கடிதம், பாஸ்போர்ட் அளவு புகைப்படங்கள். இவற்றின் நகல்களை ஒரு கவரில் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர், விடுதி, கேஸ் ஏஜென்சி என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். ஆதாரில் முதல் எட்டு எண்களை மறைத்த பிரதியை ஆதார் தளத்திலேயே பதிவிறக்கலாம். அதைக் கொடுத்தால் போதும். நகலின் குறுக்கே ‘வீட்டு வாடகைக்காக மட்டும்’ என்று எழுதி, தேதியும் போட்டுக் கொடுங்கள். யார் கையில் போய்ச் சேரும் என்று தெரியாத காகிதத்துக்கு அந்த வரி ஒரு காவல்.

அடுத்து பணம். மூன்று மாத முன்பணம், முதல் மாத வாடகை, தரகர் இருந்தால் அவர் கூலி, முதல் சம்பளம் வரும் வரை சாப்பாடு. இந்த நான்கும் கையில் இருக்க வேண்டும். மாத நடுவில் சேருபவர்களுக்குச் சில நிறுவனங்களில் முதல் சம்பளம் அடுத்த மாதக் கடைசியில்தான் வரும். சேரும் நாளிலேயே கணக்குப் பிரிவில் கேட்டுவிடுங்கள். கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டவர்கள்தான் மூன்றாவது வாரம் கடன் கேட்டு நிற்கிறார்கள்.

சாமான் கொஞ்சமாகக் கொண்டுவாருங்கள். பாய் அல்லது மடிக்கிற மெத்தை, போர்வை, வாளி, ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், டார்ச், முக்கியமாக நல்ல பூட்டு ஒன்று. கட்டில், பீரோ எதுவும் இப்போது வேண்டாம். எந்த மாடிக்கு எந்தப் படி வழியாக ஏற்றப்போகிறோம் என்று தெரியாமல் கட்டிலைக் கொண்டுவந்து, குறுகிய படியில் ஏறாமல் கீழேயே விட்டுவைத்தவர்கள் இருக்கிறார்கள்.

## 2. முதல் இரண்டு வாரம்: தற்காலிக இடம் போதும்

வந்ததும் ஒரு விடுதியிலோ, மாத வாடகை லாட்ஜிலோ, உடன் வேலை செய்பவரின் அறையிலோ தங்குங்கள். கொஞ்சம் செலவுதான். ஆனால் தவறான வீட்டில் முன்பணம் மாட்டிக்கொள்வதைவிடக் குறைவு.

இந்த இரண்டு வாரத்தில் ஊரைப் பாருங்கள். காலை எட்டு மணிக்கு எந்தச் சாலை நெரிகிறது, இரவு ஒன்பதுக்கு மேல் எந்தத் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கிறது, எங்கே கடைகள் மதியம் சாத்திவிட்டு நாலு மணிக்கு மேல் திறக்கின்றன என்பதெல்லாம் ஒருமுறை வீடு பார்க்கப் போகும்போது கண்ணில் படாது.

முகூர்த்த மாதங்களில் லாட்ஜ்கள் கல்யாணக் கூட்டத்தால் நிரம்பிவிடும். தை, வைகாசி, ஆவணியில் வருவதாக இருந்தால் அறையை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கல்லூரி திறக்கும் ஜூன், ஜூலையில் கல்லூரிச் சாலை, அழகப்பாபுரம் பக்கம் நெருக்கடி அதிகம். பல்கலைக்கழகம், பொறியியல் கல்லூரி, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் எல்லாம் அந்தப் பக்கமே இருப்பதால் மாணவர்களும் வேலைக்கு வந்தவர்களும் ஒரே அறைகளுக்குத்தான் போட்டி போடுகிறார்கள்.

## 3. போய்வரும் வழியை முதலில் முடிவுசெய்யுங்கள்

செட்டிநாடு என்று ஒரு பெயரில் சொன்னாலும் இது தள்ளித் தள்ளிக் கிடக்கிற ஊர்களின் தொகுப்பு. காரைக்குடியிலிருந்து தேவகோட்டை சுமார் 18 கிலோமீட்டர். கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் வேறொரு திசை. பிள்ளையார்பட்டி, குன்றக்குடி இன்னொரு திசை. கோனாபட்டு, ராயவரம் போன்ற ஊர்கள் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே இருக்கின்றன. அங்கே குடியிருந்தால் உங்கள் தாலுகா அலுவலகம் திருமயம், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் புதுக்கோட்டை. காரைக்குடியில் இருந்தால் சிவகங்கை. ஏதாவது சான்றிதழுக்கு அலையும்போதுதான் இந்த வித்தியாசம் உறைக்கும்.

வேலைக்குப் போகும் வழியை, வேலைக்குப் போகிற நேரத்திலேயே ஒருமுறை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு ‘பதினைந்து நிமிஷம்தான்’ என்று முடிவுகட்டக் கூடாது. திரும்பி வரும் வழிதான் இன்னும் முக்கியம். நகரப் பேருந்தின் கடைசி நடை எத்தனை மணிக்கு என்பதை நடத்துநரிடமே கேளுங்கள். டீக்கடையில் கேட்டால் ‘பத்து மணி வரைக்கும் இருக்கும்’ என்பார்கள். அது போன வருஷத்துக் கதையாக இருக்கலாம். இரவுப் பணி இருப்பவர்கள் பஸ்ஸை நம்பி வெளியூரில் வீடு எடுக்கவே வேண்டாம்.

காரைக்குடியில் பழைய பேருந்து நிலையம், புதிய பேருந்து நிலையம் என்று இரண்டு இருக்கின்றன. எந்த வண்டி எங்கிருந்து கிளம்புகிறது என்று விசாரிக்காமல் போனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஆட்டோவுக்குக் காசு கொடுக்க வேண்டிவரும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் எல்லாப் பேருந்துக்கும் இது பொருந்தாது. தனியார் வண்டி, மினி பஸ், புறநகர் வண்டிகளுக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

ரயிலில் வருபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ‘தேவகோட்டை ரோடு’ என்ற நிலையம் தேவகோட்டை நகரத்தில் இல்லை. பெயரை நம்பி இரவில் மூட்டையோடு அங்கே இறங்கினால் ஊருக்குப் போக இன்னும் வெகுதூரம் இருக்கும். தேவகோட்டைக்குப் போகிறவர்களும் காரைக்குடி சந்திப்பில் இறங்கி பஸ் பிடிப்பதே நல்லது.

## 4. வீடு தேடுவது

இப்போதுதான் வீடு. அலுவலகத்தில் சொல்லிவையுங்கள், மளிகைக் கடையில் கேளுங்கள், தெருத்தெருவாக நடந்து ‘வீடு வாடகைக்கு’ பலகையைப் பாருங்கள். இந்த ஊர்களில் நல்ல வீடுகள் பெரும்பாலும் பலகைக்கே வருவதில்லை. தெரிந்தவர் சொல்லித்தான் கைமாறும். செயலிகளில் படத்தை மட்டும் பார்த்துவிட்டு டோக்கன் பணம் அனுப்பவே கூடாது. ‘நான் ராணுவத்தில் இருக்கிறேன், வெளியூரில் இருக்கிறேன், முன்பணம் போட்டால் சாவி அனுப்புகிறேன்’ என்று பேசுகிறவர் ஏமாற்றுக்காரர். பணம் போட்டுவிட்டிருந்தால் உடனே இணையக் குற்றப் புகார் எண் 1930-ஐ அழையுங்கள்.

இங்கே வாடகைக்குக் கிடைப்பவை மூன்று வகை. லைன் வீடு, அதாவது ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாகக் கட்டிய சிறு வீடுகள். புதிதாக வளர்ந்த நகர்களில் மாடி போர்ஷன். அப்புறம் பழைய பெரிய வீட்டில் ஒரு பகுதி. முதல் இரண்டும் வேறு எந்த ஊரிலும் இருப்பவைதான். மூன்றாவதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்.

வெளியூரிலிருந்து வரும் இளவட்டங்களுக்குப் பெரிய வீட்டின் மேல் ஒரு மயக்கம் உண்டு. முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், தேக்குத் தூண், தரையில் ஆத்தங்குடி வண்ணக் கல், வெயிலிலும் குளிர்ச்சி. எல்லாம் உண்மை. ஆனால் அந்த வீடுகள் பல பங்காளிகளுக்குப் பொதுச் சொத்து. ஒரு பங்குக்காரர் இங்கே இருப்பார், இன்னொருவர் சென்னையில், மற்றொருவர் மலேசியாவில். சாவி கையில் இருப்பவர் வாடகைக்கு விட ஒப்புதல் பெற்றவர் என்று அர்த்தமில்லை. ‘மற்ற பங்காளிகளுக்குத் தெரியுமா, ஒப்பந்தத்தில் யார் கையெழுத்துப் போடுவார்கள்’ என்று நேரடியாகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். ‘கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு, கோயில் காரியம் என்று குடும்பம் கூடினால் நான் எங்கே இருப்பது?’ பெரிய வீடுகள் ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடந்தாலும், விசேஷம் என்று வந்தால் எல்லாரும் திரும்பி வருவார்கள். சமையல்கட்டும் கிணற்றடியும் அவர்கள் கைக்குப் போய்விடும். அந்த நாட்களில் நீங்கள் வெளியே தங்க வேண்டுமா, பின்கட்டில் இருக்கலாமா என்று முன்பே பேசிக்கொண்டால் சங்கடம் இல்லை.

எந்த வகை வீடானாலும் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். இவற்றை வரிசையாகக் கேளுங்கள்: குழாய்த் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு வரும்? போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, இருக்கிறதா? மேல்தொட்டி உங்களுக்குத் தனியா, பொதுவா? மோட்டார் சுவிட்ச் யார் கையில்? கடைசிக் கேள்வியை எல்லாரும் விட்டுவிடுவார்கள். சுவிட்ச் கீழ்வீட்டுக்குள் இருந்து, அவர்கள் ஊருக்குப் போய்விட்டால், நீங்கள் மேலே காலி வாளியோடு நிற்க வேண்டியதுதான்.

போர்த் தண்ணீரைக் கையில் பிடித்துச் சோப்புப் போட்டுப் பாருங்கள். நுரை வராமல் கையில் பிசுபிசுத்தால் உப்பு அதிகம். துணியும் முடியும் படுகிற பாடு அப்புறம் தெரியும். குழாய்களின் வாயைப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருந்தாலும் அதே கதைதான். காரைக்குடி நகருக்குள் சம்பை ஊற்றுத் தண்ணீர் வரும் தெரு என்றால் குடிக்க நல்ல தண்ணீர். அதற்காக இருநூறு முந்நூறு ரூபாய் வாடகை கூடினாலும் தப்பில்லை, கேன் வாங்கும் காசில் ஈடாகிவிடும்.

வீட்டை மத்தியானம் இரண்டு மணிக்கு ஒருமுறை பாருங்கள், இரவு ஒருமுறை பாருங்கள். சித்திரை, வைகாசியில் மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறை இரவு பதினொன்றுக்கும் அனலாகவே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் எப்படி இருக்கும் என்பதற்குக் கூரை மூலைகளில் கறை இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த ஒரே ஒரு சுவர் இருந்தால் அதற்குக் காரணம் கேளுங்கள்.

வீட்டுக்காரர்களும் உங்களைக் கேள்வி கேட்பார்கள். ‘எந்த ஊரு தம்பி? அப்பா என்ன செய்றாக? கல்யாணம் ஆயிருச்சா? வீட்டுல கறி சமைப்பீகளா?’ பாதிக் கேள்வி அக்கறை, மீதி விசாரணை. சமையல், நண்பர்கள் வருவது, இரவில் திரும்பும் நேரம் இவற்றை உண்மையாகவே சொல்லிவிடுங்கள். பொய் சொல்லிக் குடிபோனால் ஒரு மாதத்தில் வெளிப்பட்டுவிடும். கேள்வி சாதிப் பக்கம் திரும்பினால், என் கருத்தில், அந்த வீடு வேண்டாம். அங்கே கிடைத்தாலும் நிம்மதியாக இருக்க முடியாது. பெண்கள் வாயிற்கதவு பூட்டும் நேரத்தையும், வேலை காரணமாகத் தாமதமானால் என்ன ஏற்பாடு என்பதையும் கேட்டுவிட வேண்டும்.

ஆடி, மார்கழியில் பலர் குடிமாற மாட்டார்கள். அந்த மாதங்களில் காலி வீடுகள் நின்றுகொண்டிருக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம். முன்பணத்தை அப்போதே கொடுத்து வீட்டைப் பிடித்துவிட்டு, ஆவணியிலோ தையிலோ பால் காய்ச்சிக்கொள்ளலாம். ஆனால் சாவி வாங்கும் தேதியிலிருந்துதான் வாடகை என்று தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள்.

## 5. முன்பணம், ஒப்பந்தம், மீட்டர்

வாய்ப்பேச்சில் எதையும் விடாதீர்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டிருந்தால் ஒழிய, குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. சட்டத்தைச் சுட்டிக்காட்டிச் சண்டை போடச் சொல்லவில்லை. ‘மூணு மாசம்தானே வழக்கம்’ என்று மெதுவாகச் சொன்னாலே பெரும்பாலும் இறங்கி வருவார்கள்.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை: வாடகை, முன்பணம், எந்தத் தேதிக்குள் வாடகை, காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, வெள்ளையடிக்கும் செலவு யாருடையது, மின்கட்டணம் எப்படி. முன்பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். ரொக்கம்தான் வேண்டும் என்றால் கையெழுத்தோடு ரசீது. வீட்டுக்காரர் பெரியவராக, நல்லவராக இருப்பார். பிரச்சினை அவர் மகன் ஊரிலிருந்து வரும்போது தொடங்கும், நீங்கள் என்ன கொடுத்தீர்கள் என்று மகனுக்குத் தெரியாது.

மின்கட்டணத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு, முதல் 100 யூனிட் இலவசம். பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் ஏறும், 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படியே மாறிவிடும். மூன்று போர்ஷனுக்கு ஒரே இணைப்பு என்றால் எல்லாருடைய யூனிட்டும் சேர்ந்து மேல்படிக்குப் போகும். ஆகவே உங்கள் வீட்டுக்குத் தனி மின் இணைப்பு எண் உண்டா, வீட்டுக்காரர் உள்ளே தனியாக மாட்டிய சப் மீட்டரா என்று முதலில் கேளுங்கள். சப் மீட்டர் என்றால் யூனிட்டுக்கு எவ்வளவு என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். குடிபுகும் நாளில் மீட்டரைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். பழைய குடித்தனக்காரர் வைத்துவிட்டுப் போன பாக்கி உங்கள் தலையில் ஏறாமல் இருக்க இதுவே போதும்.

அதே நாளில் சுவர், குழாய், ஜன்னல், கதவுத் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் படம் எடுத்துவிடுங்கள். காலி செய்யும்போது ‘இந்தக் கீறல் நீங்கள் போட்டது’ என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

## 6. குடிபுகுந்த முதல் வாரம்

முதலில் பூட்டை மாற்றுங்கள். பழைய பூட்டின் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்.

பழைய வீடு என்றால் இரண்டு எச்சரிக்கை. ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் செய்தது. ஆசிட் ஊற்றிக் கழுவினால் வண்ணம் போய்விடும், திரும்ப வராது. தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தாலே பளபளக்கும், எப்போதாவது இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய். அதேபோல முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசிய சுவரில் ஆணி அடிக்காதீர்கள். விரிசல் விட்ட பூச்சைச் சரிசெய்யத் தெரிந்த கொத்தனார் கிடைப்பதே அரிது, செலவு உங்களிடம் வரும். சட்டை மாட்ட ஒரு கொடி கட்டிக்கொண்டால் போகிறது.

முகவரியைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். இங்கே பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்வாசலுக்கு ஒரு தெருப் பெயர், பின்வாசலுக்கு இன்னொன்று. நீங்கள் இருப்பது பின்கட்டு என்றால் கூரியர் பையன் முன்வாசலில் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவான். எந்தத் தெரு வாசல், பக்கத்தில் எந்தக் கோயில் அல்லது ஊருணி என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அப்புறம் தெருவில் உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். இதைச் சும்மா மரியாதைக்காகச் சொல்லவில்லை. பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும் தெருக்களில், இருக்கிற நாலு பேருக்குப் புதுமுகம் என்றாலே சந்தேகம் வரும். பூட்டிய வீடுகளில் பழைய சாமான் திருடுபோவது உண்டு என்பதால் அந்தச் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. எதிர்வீட்டு ஆச்சியிடம், முக்குக் கடை அண்ணனிடம், எங்கே வேலை, எந்த வீட்டு மாடி என்று சொல்லிவிட்டால் மறுநாளிலிருந்து அதே கண்கள் உங்கள் வீட்டையும் பார்த்துக்கொள்ளும்.

## 7. அடுப்பும் சாப்பாடும்

தனி ஆளுக்கு எடுத்ததும் 14.2 கிலோ சிலிண்டர் இணைப்பு வாங்க ஓட வேண்டியதில்லை. முகவரிச் சான்று கேட்பார்கள், உங்களிடம் இன்னும் இருக்காது. 5 கிலோ சிலிண்டரை அடையாளச் சான்று மட்டும் காட்டி வாங்கலாம். கிலோவுக்குக் கொஞ்சம் விலை கூடுதல்தான், ஆனாலும் ஒரு ஆள் காலையில் காபியும் இரவில் ஒரு குழம்பும் வைக்க அது தாங்கும். இங்கேயே இரண்டு வருஷம் இருக்கப்போகிறோம் என்று தெரிந்த பிறகு பெரிய இணைப்புக்குப் போங்கள். மின்சார அடுப்பை மட்டும் நம்பினால் சப் மீட்டர் ரேட் கையைக் கடிக்கும்.

மூன்று வேளையும் சமைப்பேன் என்று சபதம் போடுகிறவர்கள் பத்து நாளில் பரோட்டாக் கடைக்குப் போய்விடுகிறார்கள். காலையும் இரவும் வீட்டில், மதியம் மெஸ் என்று வைத்துக்கொள்வதுதான் நிலைக்கிறது. மெஸ்ஸில் மாதக் கணக்கு வைக்கும் முன் நான்கைந்து நாள் காசு கொடுத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். எந்தக் கிழமை விடுமுறை, சாப்பிடாத நாளுக்குக் கழிப்பார்களா என்று கேளுங்கள். ‘செட்டிநாடு’ என்று பலகை போட்டு, சுற்றுலாக்காரர்களை எதிர்பார்த்து நடக்கும் உணவகங்கள் தினப்படிச் சாப்பாட்டுக்கு ஆகாது. பணத்துக்கும் ஆகாது, வயிற்றுக்கும் ஆகாது.

காய்கறிக்கு வாரச் சந்தை. ஊருக்கு ஊர் கிழமை மாறும், தெருவில் கேட்டால் சொல்வார்கள். சாயங்காலம் போனால் விலை இறங்கியிருக்கும், காயும் வாடியிருக்கும். கட்டில், மேசைக்கு முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைகளைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அவை வெளியூர் வியாபாரிகளுக்கும் வீடு அலங்கரிப்பவர்களுக்கும் உள்ள கடைகள். வேடிக்கை பார்க்கப் போகலாம். ஊரைவிட்டுப் போகும் மாணவர்கள் விற்கிற சாமான் உங்களுக்குப் போதும்.

## 8. அரசு காகிதங்கள்

இதில் அவசரமே வேண்டாம். ஆதார் முகவரியை, இந்த வீட்டில் நிலைத்து இருப்போம் என்று தெரிந்த பிறகு மாற்றுங்கள்.

குடும்ப அட்டையிலிருந்து பெயரை நீக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு உங்கள் குடும்பத்துக்கு இருந்தால், அது அந்த அட்டையை வைத்துத்தான். பெயரை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரியில் தவிக்க வேண்டாம்.

வாக்காளர் பட்டியலில், ஏற்கெனவே ஊரில் பெயர் இருப்பவர்கள் அதை இங்கே மாற்ற நிரப்ப வேண்டியது படிவம் 8. படிவம் 6 புதிதாகச் சேருபவர்களுக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் இரண்டு இடத்தில் பெயர் ஏறும், அது சட்டப்படி தவறு.

## 9. உடம்புக்கு முடியாமல் போவதற்கு முன்பே

காய்ச்சலில் கிடக்கும்போது மருத்துவமனை தேடக் கூடாது. முதல் மாதத்திலேயே பக்கத்துக் கிளினிக், இரவில் திறந்திருக்கும் மருந்துக்கடை, அரசு மருத்துவமனை மூன்றையும் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். காரைக்குடியில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சைக்குச் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதற்கும் மேல் என்றால் மதுரை. ஆம்புலன்ஸுக்கு 108, அவசர உதவிக்கு 112, பெண்களுக்கு 181.

உங்கள் இரத்த வகை, ஊரில் உள்ள உங்கள் வீட்டாரின் போன் எண், இங்கே உள்ள ஒரு நண்பரின் எண் மூன்றையும் எழுதி வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்காரர் எண் உங்கள் அம்மாவிடமும் இருக்கட்டும். நீங்கள் போனை எடுக்காத இரவில் அவர்கள் யாரையாவது அழைக்க வேண்டுமே.

## 10. சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும்

வேலை, வீடு, தண்ணீர் எல்லாம் சரியாகி இரண்டாவது மாதம் தொடங்கும்போதுதான் தனிமை பிடிக்கும். வாராவாரம் வெள்ளிக்கிழமை இரவு ஊருக்கு பஸ் ஏறுகிறவர்கள் ஒரு வருஷம் ஆனாலும் இங்கே ஒட்டமாட்டார்கள். சனி, ஞாயிறில்தான் மனிதர்கள் ஓய்வாகப் பேசக் கிடைப்பார்கள், அன்றைக்குத்தான் இவர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள். முதல் மூன்று மாதம், மாதத்துக்கு இரண்டு வாரக் கடைசியாவது இங்கேயே இருங்கள்.

எங்கே போவது? கிளை நூலகத்தில் உறுப்பினராகச் சேருங்கள். மைதானத்தில் காலையில் ஷட்டிலோ வாலிபாலோ ஆடுகிற கூட்டம் எல்லா ஊரிலும் உண்டு, தொடர்ந்து நாலு நாள் போய் நின்றால் ஐந்தாம் நாள் கூப்பிடுவார்கள். பங்குனியில் கம்பன் விழா வரும். 1939-இல் சா. கணேசன் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. இலக்கியத்தில் நாட்டம் இல்லாவிட்டாலும் ஒரு சாயங்காலம் போய் உட்காருங்கள், பட்டிமண்டபம் கேட்க வரும் கூட்டத்தில் அலுவலகத்துக்கு வெளியே நாலு பேர் அறிமுகமாவார்கள்.

திருவிழாக் காலங்களை நாள்காட்டியில் குறித்துவையுங்கள். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் மாசி-பங்குனித் திருவிழாவில் பால்குடம் வரும் நாளில் நகருக்குள் வண்டி நகராது. தை மாதம் சிராவயல் மஞ்சுவிரட்டு அன்று திருப்பத்தூர் சாலையில் போகவேண்டிய வேலையைத் தள்ளிப்போடுங்கள். விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார்பட்டி, தைப்பூசத்துக்குக் குன்றக்குடி. அந்தச் சாலையில் அலுவலகம் இருந்தால் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப வேண்டியிருக்கும்.

தெருவில் கல்யாணம், துக்கம் எதுவானாலும் ஒரு நடை போய் நின்றுவிட்டு வாருங்கள். அழைப்பு வந்தும் போகாவிட்டால் அதை நினைவு வைத்திருப்பார்கள்.

## 11. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகும்போது

ரயிலில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பு திறக்கிறது. பொங்கல், தீபாவளிக்குச் சென்னைப் பக்கம் போகிறவர்கள் பல்லவன் எக்ஸ்பிரஸை நம்பியிருந்தால் அந்த நாளை போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். சில நிமிடங்களில் காத்திருப்புப் பட்டியலுக்குப் போய்விடும். அது கிடைக்காவிட்டால் திருச்சி வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து வண்டி மாறுவது இரண்டாவது வழி.

கிளம்பும் முன் குழாய்கள் எல்லாம் மூடியிருக்கின்றனவா என்று பாருங்கள். தண்ணீர் வராத நேரத்தில் திறந்து பார்த்துவிட்டு அப்படியே விட்டுப் போவார்கள். பிறகு யாரோ மோட்டார் போட, மூன்று நாள் கழித்து வந்தால் பாய் மிதக்கும், கீழ்வீட்டுக் கூரை ஒழுகும். சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள். பிரிட்ஜ் இருந்தால் காலி செய்து அணையுங்கள். எத்தனை நாள், என்றைக்குத் திரும்புவீர்கள் என்று எதிர்வீட்டில் சொல்லுங்கள். ஆனால் வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். ஒரு சாவியை வீட்டுக்காரரிடமோ, அதே ஊரில் உள்ள நண்பரிடமோ கொடுத்துவிட்டுப் போங்கள், பால் பாக்கெட்டையும் நிறுத்தச் சொல்லிவிடுங்கள்.